டிரைவர் சீட்டுக்கு மட்டும் பாட்டு

வீட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு. செங்கல் செங்கல்லாகப் பேரம் பேசி வாங்கியவன் நான். ஆனாலும் சோபாவின் ஜன்னலோர மூலை மனைவிக்கு. டி.வி.க்கு எதிரே இருக்கும் நாற்காலி அவளுடைய தையல் கூடைக்கு. கட்டிலில் எனக்கு ஒதுக்கியிருக்கும் பரப்பில் ஒரு பூனைகூட ஒருக்களித்துத்தான் படுக்க முடியும்.

மிச்சம் இருந்த ஒரே சிம்மாசனம் என் காரின் டிரைவர் சீட். என்னைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. மனைவி லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் எதையாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். கிளட்ச் முரடு என்றேன். பிரேக்குக்கு என் கால்தான் பழக்கம் என்றேன். ஒருநாள் எதுவும் தோன்றாமல், "வண்டிக்கு இன்னிக்கு மனசு சரியில்ல" என்றுகூடச் சொல்லிவிட்டேன். உயிரே போனாலும் அந்த சீட்டை விடுவதில்லை என்று முடிவு.

சிம்மாசனம் இருந்தால் போதுமா, கச்சேரி வேண்டாமா? பழைய ஸ்டீரியோவில் எந்தப் பாடகி பாடினாலும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். மாற்றியே தீருவது என்று கிளம்பினேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டீரியோக்காரருக்கு 'ம்யூட்' என்று பட்டப்பெயர். ஊருக்கெல்லாம் சத்தம் விற்பவர், தன் வாயை மட்டும் திறக்கமாட்டார். இந்த மாதிரி ஆளிடம் பேரம் பேசுவது சுவரோடு சண்டை போடுகிற மாதிரி. நானா விடுவேன்? பதினோரு வயதில் தெருத்தெருவாக ஆணி விற்று, இன்றைக்குக் குழாய்க் கடை வைத்திருப்பவன். கத்தினேன். மேஜையைத் தட்டினேன். "வேற கடை பாத்துக்கறேன்" என்று மூன்று தடவை வெளியேறினேன். நாலாவது தடவை, கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று தெருமுனை வரைக்கும் மெதுவாக நடந்தேன். கூப்பிடவில்லை. பேனாவை மறந்துவிட்டதாகச் சொல்லி நானே திரும்பி வந்தேன்.

கடைசியில் நாலு கதவுக்கும் ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு பெரிய பெட்டி, தகரம் அதிராமல் இருக்கக் கதவுக்குள் ஒட்டும் ஷீட். ஷீட்டை இலவசமாகப் பிடுங்கினேன். வண்டியை விட்டுவிட்டு வந்து ஐந்தாம் நாள் போனால், மைக், லேப்டாப், அளக்கும் டேப் சகிதம் நிற்கிறார்.

"எந்த சீட்டுக்கு சார்?"

"என்ன எந்த சீட்டுக்கு?"

"ட்யூனிங்."

"வண்டி பூராவுக்கும்!"

"ஒரு சீட்டுக்குத்தான் சுத்தமா வரும்."

"நாலு சீட்டு வண்டிக்குப் பணம் வாங்கிட்டு ஒரு சீட்டுக்குத்தான் பாட்டா? என்னய்யா அநியாயம் இது!"

அன்றைக்குத்தான் அவர் முழுசாகப் பேசி நான் கேட்டேன். "கிட்ட இருக்கற ஸ்பீக்கர் சத்தம் காதுக்கு முன்னாடியே வந்துரும் சார். தூரத்துல இருக்கறது லேட்டா வரும். கிட்ட இருக்கறத கொஞ்சம் புடிச்சு வச்சு, ரெண்டையும் ஒண்ணா அனுப்பணும். யார் காதுக்குன்னு சொன்னாத்தான் அளக்க முடியும்."

எனக்குப் புல்லரித்தது. ஒரு முழு வண்டியும் என் ஒருவன் காதுக்காகக் காத்திருந்து பாடுமா! வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை யாரும் காத்திருந்ததில்லை.

"என் காதுக்கு! டிரைவர் சீட்டுக்கு!"

கதவிலிருந்து என் காதுவரை டேப் பிடித்தார். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுப்பவன்போல் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டைப் போட்டார். முன் கண்ணாடிக்கு நடுவில், என் மூக்குக்கு நேரே, பாடகி வந்து நின்றாள். கையை நீட்டினால் மைக்கை வாங்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாட்டு ஓடியது. ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏங்க, ஸ்டீரியோ மாத்தறேன்னீங்களே, எப்ப?"

"மாத்தியாச்சு! இதான் புதுசு!"

"அப்படியா? பழசு மாதிரியே இருக்கே."

"பழசா! பாடகி எங்க நிக்கறா, சொல்லு பாப்போம்!"

"இந்தக் கதவுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்தற மாதிரி இருக்கு. பாவம், கடைக்காரர் உங்கள நல்லா ஏமாத்திட்டாரு."

கஞ்சன் என்று சொல்லட்டும். முன்கோபி என்று சொல்லட்டும். இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன். ஆனால், பேரத்தில் ஏமாந்தவன் என்று சொல்வதா? வண்டியை ஓரங்கட்டினேன்.

"இறங்கு! இந்தப் பக்கம் வந்து உக்காந்து கேட்டுட்டு அப்புறம் பேசு!"

"ஐயோ, அது உங்க சீட்டுங்க. எனக்கு எதுக்கு?"

"உக்காருன்னா உக்காரு!"

உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் திருத்தினாள். பாட்டுக் கேட்கக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு உறைக்கவில்லை.

"ம்... பரவால்ல."

"பரவால்லையா? அவ்வளவுதானா?"

"நிக்கற வண்டில எதுவும் நல்லாத்தான் கேக்கும். ஓடும்போது கேட்டாத்தானே சரக்கு தெரியும்? நீங்களே கடைல குழாயத் தண்ணி விட்டுத்தானே காட்டறீங்க?"

"அப்ப ஓட்டு! ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு!" பக்கத்து சீட்டிலிருந்து எட்டிச் சாவியைத் திருகியது என் கைதான்.

என்னோடு பத்து வருடம் மல்லுக்கட்டிய கிளட்ச் அவள் காலடியில் வாலைச் சுருட்டிக்கொண்டது. ரவுண்டானாவில் லாரிக்கு வழிவிட்டாள். பஸ்ஸை முந்தினாள். நடுவில் முந்தானையைச் சரிசெய்யவும் நேரம் இருந்தது.

"ஆகா! இப்பத்தாங்க தெரியுது! எதுத்தாப்புல நின்னு பாடறா! உங்கள யாராலங்க ஏமாத்த முடியும்?"

ஒப்புக்கொண்டாள்! ஜெயித்துவிட்டேன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இந்தப் பாட்டு முடியட்டுங்க" என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது ஒன்பதாவது பாட்டு.

மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பி வெளியே வந்தால், அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணித் தயாராக இருந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. நான் சாவியைத் தேடினால், "நேத்துப் பாதியில விட்ட பாட்டுங்க" என்பாள். பக்கத்து சீட்டில் எனக்கு மிஞ்சியது கதவு மட்டும்தான். ஒரு காதில் டிரம்ஸ் அடி. மறு காதில் ஒன்றுமே இல்லை. பணம் என்னுடையது, பாட்டு அவளுடையது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். சீட்டுதான் போயிற்று, பாட்டையாவது மீட்கலாம் என்று தோன்றியது. அவளையே ம்யூட்டின் கடைக்கு ஓட்டச் சொன்னேன். வாசலில் நிறுத்திவிட்டு எதிர்க்கடையில் நூல் வாங்கப் போனாள்.

"பக்கத்து சீட்டுக்கு மாத்தி ட்யூன் பண்ணணும். கூலி, அது இதுன்னு ஆரம்பிக்காதீங்க!" என்று எகிறினேன்.

அவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. "ரெண்டாவது பட்டன அமுக்குங்க சார்."

அமுக்கினேன். பாடகி நகர்ந்து வந்து, பக்கத்து சீட்டில் இருந்த என் மூக்குக்கு நேரே நின்றாள்.

"யோவ், இத எப்பய்யா பண்ண?"

"நீங்க வண்டிய விட்டுட்டுப் போன அன்னிக்கே உங்க வீட்டம்மா வந்தாங்க. 'சார் டிரைவர் சீட்டுக்குத்தான் கேப்பாரு, பண்ணிக் குடுத்துருங்க. அவருக்குத் தெரியாம ரெண்டாவது பட்டன்ல பக்கத்து சீட்டுக்கும் போட்டு வைங்க. எடுத்துட்டுப் போனதும் பன்னெண்டு நாள்ல திரும்பி வருவாரு'ன்னாங்க."

விரல் விட்டு எண்ணினேன். பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.