மூணு பிளாக்

சி பிளாக் தரைத்தளத்துப் பேராசிரியர், இடுப்பில் துண்டோடு குளியலறை முக்காலிமேல் ஏறி நின்று போன் செய்தபோது, செகரட்டரி ஆபீசுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கீழ போகல. மேல வருது," என்றார் பேராசிரியர்.

"எவ்வளவு வந்திருக்கு?"

"முதல்ல சோப்பு மிதந்துச்சு. இப்ப வாளி மிதக்குது."

செகரட்டரி மாட்டிய ஷூவைக் கழற்றினார். காப்பீட்டு அலுவலகத்தில் அவர் பிரிவுத் தலைவர். அங்கே இருபது பேர் அவர் சொன்னால் கேட்பார்கள். இங்கே ஏ, பி, சி என்று மூன்று பிளாக்கிலும் சேர்த்து ஒருவர் கேட்கமாட்டார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவரை ஒருமனதாகச் செகரட்டரி ஆக்கியதற்கு ஒரே காரணம், அன்றைய கூட்டத்துக்கு அவர் மட்டும் போகவில்லை.

கீழே போனார். சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பிளம்பர் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டடம் கட்டிய நாளிலிருந்து இங்கே குழாய் வேலை பார்ப்பவர். மடியில் நீளமான இரும்புக் கம்பி.

"என்ன பிளம்பர், உக்காந்துட்டீங்க?"

"மூச்சு வாங்குது சார். கொஞ்சம் ஆறட்டும்."

"உங்களுக்கு மூச்சு வாங்குது. அங்க பேராசிரியருக்கு மூக்கு வரைக்கும் வந்திருச்சு. நேத்து சொல்லாம கொள்ளாம வராம இருந்தீங்க. அதோட பலன்தான் இது."

பிளம்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செகரட்டரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பியை மறுபடி குழிக்குள் விட்டார்.

அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க முந்தின நாள் ஒரு கம்பெனி ஆட்கள் வந்து குழாய்க்குள் கேமராவை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ரிப்போர்ட் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே போன் அடித்து ஒரு பெண் பேசியதும் செகரட்டரிக்குச் சந்தேகமே வரவில்லை.

"சார், நேத்து எடுத்த ஸ்கேன் ரிசல்ட் வந்திருக்கு. உங்ககிட்ட சொல்லலாமா?"

"என்கிட்டதான் சொல்லணும். எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு."

"மூணு பிளாக் இருக்கு சார்."

"மூணா? நான் ஒண்ணுதான் இருக்கும்னு நெனச்சேன்."

"ஒண்ணு தொண்ணூறு சதவீதம் அடைச்சிருக்கு. மத்த ரெண்டும் பாதிக்கு மேல. இவ்வளவு நாள் எப்படி ஓடுச்சுன்னு எங்க சீஃபே ஆச்சரியப்படறாரு."

"எல்லாம் எண்ணெய்தாங்க. கண்டதையும் உள்ள தள்ளுறது. சொன்னா யாரு கேக்கறா?"

"ஆமா சார். கொழுப்புதான் காரணம்."

"நல்லாச் சொன்னீங்க. இங்க எல்லாருக்கும் கொழுப்புதான்."

"உடனே கம்பி வெச்சுத் திறக்கணும் சார்."

"கம்பி எங்ககிட்டயே இருக்கு. காலைலருந்து குத்திக்கிட்டுதான் இருக்கோம்."

"குத்தறீங்களா? எங்க சார்?"

"வெளியில உக்கார வெச்சுதான். கம்பிக்கு மசியலன்னா ஆசிட் ஊத்திரலாம்னு இருக்கேன். ஊத்தலாமா?"

அவள் குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள். "சார், தயவுசெஞ்சு நீங்களா எதையும் ஊத்திராதீங்க. கம்பி சரிவரலன்னா, கால்லருந்து எடுத்து மாத்து வழி போடுவோம்."

கீழே கார் நிறுத்தும் இடத்தில் கட்டடத்தைத் தாங்கி நிற்கும் கால்களைச் செகரட்டரி ஒருமுறை பார்த்தார். ஒவ்வொன்றை ஒட்டியும் ஒரு குழாய் இறங்கியிருந்தது.

"எந்தக் கால்லருந்து? மொத்தம் பன்னண்டு கால் இருக்கு."

"என்ன சார்?"

"சரி விடுங்க, அது உங்க பாடு. ரெண்டு வாரம் தாங்குமா? பொதுக்குழு கூட்டி எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கணும்."

"ரெண்டு வாரமா? அதுக்குள்ள நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும். பழசுதானே," என்று சொல்லிப் போனை வைத்தார் செகரட்டரி.

வைத்த கையோடு சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு அறிவிப்பு போட்டார். 'மூன்று பிளாக். ஒன்றின் நிலைமை மிக மோசம். மறு அறிவிப்பு வரும்வரை யாரும் தண்ணீர் விட வேண்டாம். கொழுப்புதான் காரணம் என்று நிபுணர்கள் கூறுகிறார்கள்.'

மாடிப்படி ஏறி வீட்டுக்கு வருவதற்குள் போன் சூடாகிவிட்டது. இருப்பதே ஏ, பி, சி என்று மூன்று பிளாக். மூன்றும் போய்விட்டது என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். கட்டடத்தில் விரிசலா என்று கேட்டார் ஒருவர். பி பிளாக்கில் ஒரு குடும்பம் பெட்டி கட்டி, மாமியாரை நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்துவிட்டது. மோசமான பிளாக் எது என்று ஏ பிளாக் கேட்டது. சி என்றார் செகரட்டரி, பேராசிரியரின் வாளியை மனதில் வைத்து. உடனே பேராசிரியர் எழுதினார். 'அப்படியானால் கொழுப்பு எங்களுக்கா?'

செகரட்டரி சமாதானமாக, 'கொழுப்பு எல்லோருக்கும் பொது' என்று பதில் போட்டார். அதற்குப்பின் குழுவில் வந்தவை அச்சில் ஏற்றத் தக்கவை அல்ல.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. அன்று விடுமுறை. சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, பி பிளாக் பாட்டியம்மா வாசல்ல நாற்காலியில உக்காந்திருக்காங்க. என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல. பிளாக்னு ஒரு வார்த்தைதான் எழுதினேன்."

"கட்டடமா, அடைப்பான்னு சொல்ல வேண்டாமா? அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் எழுதச் சொன்னா எங்க பசங்களே ரெண்டு பக்கம் எழுதுவாங்க. மரக்கட்டையும் பிளாக்தான், உங்க மண்டையும் பிளாக்தான்."

"இரு, இன்னொரு அர்த்தம் நான் காட்டறேன்," என்று செகரட்டரி போனை எடுத்தார். பேராசிரியரை பிளாக் செய்தார். பெட்டி கட்டியவரை பிளாக் செய்தார். ஏ பிளாக்கில் வாயாடிகள் யார் யாரோ அத்தனை பேரையும் பிளாக் செய்தார். மனதுக்கு இதமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள்.

"சார், ரெண்டு வாரம்னு சொன்னதும் சீஃப் ரொம்பக் கோவப்பட்டுட்டாரு. இன்னைக்கே வரணுமாம்."

"நான் எதுக்கு வரணும்? வர வேண்டியது நீங்கதான். அவசரப்படுத்திக் காசு பாக்கற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்," என்று சொல்லி அவளையும் பிளாக் செய்தார்.

வாசல் மணி அடித்தது. நீலச் சட்டை போட்ட ஒருவன் கையில் கவரோடு நின்றான்.

"குழாய் கேமரா கம்பெனி சார். ரிப்போர்ட் கொண்டு வந்திருக்கேன். ஒரே ஒரு பிளாக்தான். உள்ள ஏதோ பெரிய துணி சிக்கியிருக்கு. உங்க பிளம்பரே இழுத்துருவாரு."

"ஒண்ணுதானா? உங்க பொண்ணு மூணுன்னு சொன்னாங்களே?"

"எங்க கம்பெனியில பொண்ணுங்களே இல்ல சார். நாங்க யாரும் போனும் பண்ணல."

அவன் போன பிறகு செகரட்டரி கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு பிளாக் செய்த எண்ணை விடுவித்துக் கூப்பிட்டார். இரண்டாவது ரிங் முடிவதற்குள் எடுத்தார்கள்.

"வணக்கம், இதய சிகிச்சை மையம்."

செகரட்டரியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. முந்தின நாள்தான் ஆபீசில் எல்லாரையும் அந்த மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பரிசோதனை செய்தார்கள். காலையில் தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் காதில் திரும்ப ஒலித்தது. கம்பி எங்ககிட்டயே இருக்கு. ஆசிட் ஊத்திரலாம். நின்னா நிக்கட்டும், பழசுதானே.

"காலைல எனக்கு ஒரு போன் வந்துச்சு. மூணு பிளாக்னு..."

"மூணு பிளாக்கா? பேசிட்டிருக்காதீங்க சார், உடனே அவசரப் பிரிவுக்கு வந்துருங்க," என்றார் எடுத்தவர்.

செகரட்டரி அப்படியே தரையில் உட்கார்ந்தார். மனைவி பேனாவை மூடாமல் ஓடி வந்தாள்.

"எனக்குதான் அடைப்பு," என்றார் அவர். "மூணு. ஒண்ணு தொண்ணூறு சதவீதம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு காலையில் அவர் கழற்றிய ஷூவை அவளே மாட்டிவிட்டாள். இருபது வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. அதைப் பார்த்துதான் செகரட்டரிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

டாக்சியில் அவள் அவருடைய கையை விடவே இல்லை. பாதி வழியில் அவர் சொன்னார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"பேசாம வாங்க."

"இல்ல, கேளு. செகரட்டரி பதவியை மட்டும் பேராசிரியர் கையில குடுக்க விட்டுராத."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படியே ஆனாலும் இந்த வாய் நிக்காது," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மருத்துவமனையில் மூணு பிளாக் என்று சொன்னதும் தள்ளுவண்டி வந்தது. படுக்க வைத்தார்கள், ஒயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், உள்ளே தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். மதியம் தாண்டிய பிறகு டாக்டர் வந்தார்.

"உங்களுக்கு ஒரு அடைப்பும் இல்ல. கொஞ்சம் வாய்வு, அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் போன்?"

"வேற யாருக்கோ போக வேண்டியது. நம்பரைத் தப்பா எழுதியிருப்பாங்க. கூப்பிட்ட பொண்ணு வேலை முடிஞ்சு கிளம்பிட்டா. அவளைப் பிடிச்சுக் கேக்கச் சொல்லியிருக்கேன். நீங்க போன்ல என்ன சொன்னீங்க?"

"சும்மா, விசாரிச்சேன்," என்றார் செகரட்டரி. ஆசிட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வெளியே வந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயில்கூட நன்றாக இருந்தது. டாக்சியிலேயே பிளாக் செய்தவர்கள் எல்லாரையும் விடுவித்தார், பேராசிரியர் உட்பட. மனைவி மட்டும் ஏதோ யோசனையாக வந்தாள்.

"யாருக்குங்க அந்தப் போன் போயிருக்கணும்? அந்த மனுஷனுக்கு இன்னும் தெரியாதே."

"ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துக்குவாங்க. நமக்கு இல்லைல்ல, அதைப் பாரு."

சங்கத்தார் எல்லாரும் சாக்கடைக் குழியைச் சுற்றி நின்றார்கள். பிளம்பர் குழிக்குள் இறங்கி, அடைத்திருந்த துணியைத் தனியாளாக இழுத்து வெளியே போட்டிருந்தார். பெரிய திரைச்சீலை. அது தன் வீட்டுடையது அல்ல என்று, யாரும் கேட்காமலே பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார்.

செகரட்டரி நடுவில் போய் நின்று நடந்ததை எல்லாம் சொன்னார். அந்தப் பெண்ணின் குரலிலும் தன் குரலிலும் மாறி மாறிப் பேசிக் காட்டினார். பன்னிரண்டு காலுக்குச் சிரித்தார்கள். ஆசிட்டுக்கு இன்னும் சிரித்தார்கள். பி பிளாக் பாட்டியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடைசியில அவ நின்னுபோச்சுன்னா என்ன செய்வீங்கன்னு கேக்கறா. நின்னா நிக்கட்டும், பழசுதானேன்னுட்டேன்," என்றார் செகரட்டரி. "அந்த ஆள் யாரோ, பாவம். இந்நேரம் எங்கயோ ஒண்ணும் தெரியாம வேலை பாத்துக்கிட்டிருப்பான்."

பிளம்பரும் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, ஈரச் சட்டையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கிச் செகரட்டரியைக் கூப்பிட்டார்.

"சார், காலைல சொல்ல வந்தேன், நீங்க கோவமா இருந்தீங்க. நேத்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கிட்டேன். என் போன் சாக்கடையில விழுந்துபோச்சு, அதனால உங்க நம்பரைக் குடுத்துட்டு வந்தேன். அங்கருந்து யாராச்சும் எனக்குக் கூப்பிட்டாங்களா?"