காத்துக்கையின் கண்ணாடி

தொடாமலே ஒரு கம்ப்யூட்டரை இத்தனை பாடு படுத்தியவர் எங்கள் காத்துக்கையைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. மார்த்தாண்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த சின்னக் கம்பெனியில் அவர்தான் மூத்த புரோகிராமர்; காற்றில் கை வீசியே வேலை செய்வதால் அந்தப் பட்டப்பெயர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மானிட்டரிலிருந்து எட்டி நின்று, நீருக்கடியில் நீந்துகிறவர்போல் அவர் கைகளை அசைப்பதைப் பார்த்து, படிப்பு முற்றினால் இப்படித்தான் ஆகும்போல என்று பயந்துவிட்டேன்.

"பயப்படாத மக்கா. இங்க ஒரு கண்ணாடி நிக்குது. ஒனக்குத் தெரியுதா?"

"இல்லண்ணே."

"எனக்கும் தெரியல. சென்சாருக்குத் தெரியும்."

மானிட்டர்மேல் இருந்த சென்சார் கையின் அசைவைப் பார்க்கும். அந்தக் கற்பனைக் கண்ணாடியைக் கை தாண்டியதும், திரையை விரல் தொட்டுவிட்டதாக அவருடைய புரோகிராம் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கை பின்வாங்கினால், விரலை எடுத்துவிட்டதாக இன்னொரு பொய். ஜன்னல் துணி காற்றில் உப்பினாலும் ஃபைல் திறந்துகொள்ளும். கேட்டால், "காத்தும் தொட்டுப் பாக்கட்டு மக்கா, பாவம்லா" என்பார்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்கு எனக்குக் காட்டணும். சரிவரலன்னா சென்சாரப் பெட்டியில வச்சிட்டு, ஜவுளிக்கடைக்கு பில்லிங்கு புரோகிராம் எழுதணும்."

மறுநாள் திரையில் சிதறால் மலை. எந்தப் புது மெஷினையும் முதலில் கும்பிடுவது முதலாளியின் வழக்கம். சென்சார்முன் நின்று கைகூப்பினார். செல்போனில் இரண்டு விரலைக் கூட்டினால் படம் சுருங்குமே, அப்படியே மலை நல்லமிளகு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"ஏலே, மலை எங்கலே?"

"நீங்க கும்பிட்டதுல சுருங்கிட்டு சார்" என்றார் காத்துக்கை.

"நான் கும்பிட்டா மலை சுருங்குமா? எடுத்துட்டுப் போலே!" என்று கையை வீசினார். படம் நகர்ந்து, மழைத்தண்ணீரோடு குழித்துறை ஆறு வந்தது. "நிறுத்துலே!" மறுபடி வீசினார். பனிமூட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டம். மூன்றாவது வீச்சில் கோபம் பாதிதான் இருந்தது. அதில் இனயம் கடல் வந்தது. அவர் கை எதையோ தடவுவதுபோல் காற்றில் நின்றது. முகமெல்லாம் நீலம்.

நான் காத்துக்கையைப் பார்த்தேன். தன் கை சென்சாரின் பார்வையில் பட்டு முதலாளியின் கடலைக் கலைத்துவிடுமோ என்று, இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"பில்லிங்கு கெடக்கட்டு" என்றார் முதலாளி, திரும்பாமலே. "இதக் கொஞ்சம் பெருசாக்குலே."

காத்துக்கை முன்னால் வந்து கைகளை நீட்டினார். அவை நடுங்கியதில் திரையில் கடலும் மெல்ல ஆடியது. புரோகிராமில் அது பிழை. திருத்தும் வேலையை என்னிடம்தான் தந்தார்கள். இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.