லோஜினிக்கு லயமே டியூசன்

ஆறரைச் சங்கு ஊதிவிட்டது. சோலைமலை எழுந்து ஓட வேண்டும். ஆனால் எழ முடியவில்லை. மகளுடைய வெள்ளைக் கவுனின் பொத்தான் ஒன்று அவன் சட்டை ஓட்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும்.

"ஏய் லோஜினி! ஒன் பொத்தான ஒன் ஓட்டையில போடச் சொன்னா, என் ஓட்டையில போட்டு வச்சிருக்கியே!"

லோஜினி தலையைச் சாய்த்துத் தன் வேலையைப் பார்த்தாள். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. இன்னும் ஒரு பொத்தான் மிச்சம் இருந்தது. அதையும் அப்பா சட்டையிலேயே மாட்டிவிட்டுச் சிரித்தாள்.

"பிரியந்தி! ஓடியா! வந்து அவுத்து விடு!"

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. இப்பிடியே ஸ்டோருக்குப் போங்க. ரெண்டு பேருக்கும் சேத்து வேல குடுப்பாங்க."

சோலைமலைக்குத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. பொகவந்தலாவைப் பக்கம் எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எட்டுக் காம்பரா லயம் ஒன்றில் நடுக் காம்பராவில் குடியிருப்பு. கொழுந்தை ஒரு பிடி அள்ளினாலே வாடியதா வாடவில்லையா என்று சொல்லிவிடுவான். மகள் விஷயத்தில்தான் மனுசனுக்கு ஒன்றும் பிடிபடாது. மூன்று வயதில்தான் நடந்தாள். ஐந்து வயதில்தான் பேசினாள். பேச்சு என்றாலும் பாதி நேரம் ஒரே சொல்தான்: "போச்சு." பந்து விழுந்தாலும் போச்சு, பஸ் வந்தாலும் போச்சு, பசித்தாலும் போச்சு.

அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்பு. ஸ்கொலசிப் என்கிற புலமைப்பரிசில் பரீட்சை வருகிற வகுப்பு. அந்த வகுப்பு வாத்தியார் இப்போதே சொல்லிவிட்டார்: "பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்க ஆள் இல்லாட்டி, இவள வீட்டுல வச்சுக்கிறதுதான் நல்லதுங்க." அன்றைக்குச் சோலைமலைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள அவள் என்ன பானையா சட்டியா?

அப்புறம்தான் லோஜினியின் நாலாம் வகுப்பு ஷிராணி டீச்சர் கடுதாசி அனுப்பினார். அடுத்த மாதம் முதல் பள்ளிக்கு ஓர் உதவி டீச்சர் வருவார், ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும். எந்தப் பிள்ளைக்கு எது ரொம்பக் கஷ்டமோ அதைப் பக்கத்தில் இருந்து பழக்குவார். இருபதாம் தேதி புதன்கிழமை நுவரெலியாவில் இருந்து ஒரு மிஸ் வருகிறார். பொத்தான் போடுவது, பந்து பிடிப்பது, முறைக்குக் காத்திருப்பது, நடந்ததை வரிசையாகச் சொல்வது எல்லாம் பார்ப்பார். லோஜினியின் அப்பா கட்டாயம் கூட வரவேண்டும். எதையும் சொல்லிக்கொடுத்துத் தயார்ப்படுத்த வேண்டாம்.

கடுதாசியை லயத்துத் தலைவர் செல்லசாமிதான் சத்தமாக வாசித்தார். தொழிற்சங்கத்து ஆள், நாலு கூட்டத்தில் பேசியவர். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சோல, இது பரீட்ச."

"தயார்ப்படுத்த வேணாம்னு போட்டிருக்கேங்க தலவரே?"

"அட மண்டு! ஸ்கொலசிப்புக்கும் அப்பிடித்தான் சொல்றாங்க. டியூசன் அனுப்பாதீங்க, புள்ளைய வருத்தாதீங்கன்னு மேடையில பேசுவாங்க. பேசுனவங்க புள்ள எங்க இருக்கு? டியூசன்ல இருக்கு! அஞ்சே அஞ்சு எடம். நம்ம புள்ள பாசாகணுமா இல்லியா?"

சோலைமலைக்கு அது சரியாகத்தான் பட்டது. பரீட்சை என்று ஒன்று இருந்தால் டியூசன் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? ஆனால் பொத்தான் போடுவதற்கு எந்த ஊரில் டியூசன் நடக்கிறது? இரண்டு நாள் தானே முயன்று பார்த்தான். அதன் முடிவுதான் இந்தக் காலைக் கூத்து. அன்றைக்கு அவன் ஸ்டோருக்குப் போகப் பத்து நிமிசம் பிந்திவிட்டது.

சாயந்தரம் செல்லசாமி பெரட்டுக் கலைக்கிற மாதிரியே லயத்தைக் கலைத்தார். லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று காம்பரா காம்பராவாக வேலை பிரித்துக் கொடுத்தார்.

"மொதக் காம்பரா, பொத்தான். ரெண்டாங் காம்பரா, பந்து. மூணாவது, தண்ணி புடிக்கிற பீலியில வரிசையில நிக்கப் பழக்குங்க. வாய்ப் பேச்சுக்கு நானே பொறுப்பு. யாரும் சாக்குச் சொல்லப்படாது!"

சும்மா சொல்லக்கூடாது, எட்டுக் காம்பராச் சனமும் உயிரைக் கொடுத்து உழைத்தது. விளைவுதான் கொஞ்சம் வேறு மாதிரி வந்தது.

நாலாம் நாள் லோஜினிக்குப் பொத்தான் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொடியில் காய்ந்த துணியை எல்லாம் ஒன்றோடு ஒன்று பூட்டிவிட்டாள். கூட்டத்துக்குப் போக அவசரமாக வந்த செல்லசாமி தன் வெள்ளைச் சட்டையை உருவினார். பின்னாலேயே லயத்துச் சட்டை எல்லாம் பதுளை ரயில் மாதிரி வந்தது.

"போச்சு," என்றாள் லோஜினி.

"ஆமாடியம்மா, எங்கூட்டந்தான் போச்சு!"

பந்து முதல் நாளே தேயிலைக்குள் உருண்டுபோனது. தேடப் போனவர்கள் அட்டைக்கடியோடு திரும்பினார்கள். அதனால் உருளைக்கிழங்கை எறிந்து பழக்கினார்கள். ஆறு நாள் நெஞ்சில் வாங்கியவள் ஏழாம் நாள் லபக்கென்று பிடித்தாள். லயமே கைதட்டியது. கைதட்டியதும் அவளுக்குக் குஷி பிறந்து, மோட்டார் சைக்கிளில் வேலை மேற்பார்க்க வந்த கணக்கப்பிள்ளைக்கும் ஒன்று எறிந்தாள். அவர் பிடிக்கவில்லை. நெற்றி வீங்கியதுதான் மிச்சம். சோலைமலை போய் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டு வந்தான்.

பீலியில் நடந்தது இன்னும் மோசம். முன்பெல்லாம் ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் போவாள். "மத்தவங்களுக்கு மொதல்ல விடணும் புள்ள" என்று மூன்றாங் காம்பராக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். அவளும் விட்டாள். வந்தவர் எல்லாருக்கும் விட்டாள். குடத்தோடு ஒன்றரை மணி நேரம் நின்று ஊருக்கெல்லாம் வழிவிட்டு, வெறுங் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஒலையில ஊத்தச் சொட்டுத் தண்ணி இல்ல! புள்ளையாரு புடிக்கப் போயி கொரங்காப் போச்சு ஒங்க டியூசன்!" என்று பிரியந்தி கத்தினாள்.

"மூணு பாடம் பாசுடி!" என்றான் சோலைமலை. "இனிப் பேச்சு மட்டுந்தான்."

அந்தப் பேச்சுதான் வரவில்லை. செல்லசாமி தினமும் எதிரில் உட்கார்ந்து, "மொதல்ல என்னா நடந்துச்சு? பொறகு? கடைசியா?" என்று தொண்டை கட்டும்வரை கேட்டார். சங்கக் கூட்டத்தில் ஆயிரம் பேரைக் கோசம் போட வைத்தவரால் இவளை ஒரு வாக்கியம் பேசவைக்க முடியவில்லை.

"போச்சு," என்றாள் அவள், மூன்றுக்கும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், அதாவது பரீட்சைக்கு முந்தின நாள், பிரியந்தி தேயிலை மலையில் இருந்து மூச்சிரைக்க வந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"என்னாங்க, நம்ம தல போச்சு! இதே மிஸ் பூண்டுலோயாவுக்கும் போனாங்களாம். என்கூடக் கொழுந்தெடுக்குற லெட்சுமியோட தங்கச்சி அங்கதான் இருக்கு. நல்லாச் செஞ்ச புள்ளைங்கள விட்டுட்டு, ஒண்ணும் முடியாத புள்ளைங்களத்தான் எடுத்தாங்களாம்!"

சோலைமலை அப்படியே இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? முடியாத பிள்ளைக்குத்தானே உதவி தேவை? நோய் இல்லாதவனுக்கு யாராவது மருந்து கொடுப்பார்களா? இரண்டு வாரம் எட்டுக் காம்பராவும் சேர்ந்து தன் மகளுக்குக் கிடைக்க இருந்த இடத்தை அல்லவா அழித்திருக்கிறது!

செல்லசாமியிடம் ஓடினான். அவர் ஒரு நிமிசம் தாடையைத் தடவினார். அவ்வளவுதான்.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார், நினைக்காத மனுசன். "ஒண்ணும் கெட்டுப் போகல சோல. படிச்சத மறக்க வச்சுரு."

"எப்பிடீங்க மறக்க வக்கிறது?"

"அது ஒன் பொறுப்பு. நீதானே அப்பன்."

சோலைமலை மகளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"கண்ணு, நாளைக்கு மிஸ் வருவாங்க. பொத்தான் போடாத, என்னா?"

லோஜினி உடனே ஒரு பொத்தானைப் போட்டுக் காட்டினாள். கைதட்டலுக்காக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போடாதங்கிறேன்!"

அவள் அவிழ்த்தாள். மறுபடி போட்டாள், இந்தத் தடவை இன்னும் வேகமாக. ஒருவேளை மெதுவாகப் போட்டதுதான் குற்றமோ என்று நினைத்தாளோ என்னவோ. ஓர் உருளைக்கிழங்கை எறிந்து, "புடிக்காத!" என்றான். பிடித்தாள். பிடித்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமாப் போடு போடுன்னு புள்ள உசுர வாங்கிட்டு, இப்பப் போடாதேன்னா அது என்னா செய்யும்?" என்றாள் பிரியந்தி. "எனக்கே எது சரின்னு வெளங்கல."

சோலைமலைக்கும் விளங்கவில்லை. நல்லது செய்யப் போனாலும் கெடுதல், கெடுதல் செய்யப் போனாலும் கைகூடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் அழுதான். கேட்டால் அடுப்புப் புகை என்றான்.

புதன்கிழமை. பள்ளிக்கூடத்து மூலை அறையில் மிஸ் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், அமைதியான முகம். ஷிராணி டீச்சர் ஜன்னலோரம் நின்றார்.

"ஒங்க பேரு என்னாம்மா?" என்றார் மிஸ்.

"லோஜினிங்க மிஸ்," என்றான் சோலைமலை.

"எந்த வகுப்பு?"

"நாலுங்க மிஸ்."

மிஸ் எழுதிக்கொண்டார். பொத்தான் வைத்த ஒரு சின்னச் சட்டையை லோஜினியிடம் நீட்டினார். ஐந்து பொத்தான். அவள் விரல் பட்டதும் ஐந்தும் பூட்டிக்கொண்டன.

"இது எப்பிடியோ தெரியாம நடந்துருச்சுங்க மிஸ்! வீட்டுல நாந்தான் போட்டு விடுவேன். சத்தியமா!"

மிஸ் எழுதினார். பந்தை மெதுவாகப் போட்டார். லோஜினி பிடித்தாள்.

"நீங்க மெதுவாப் போட்டீங்க மிஸ், அதான்!" என்று சோலைமலை பந்தைப் பிடுங்கித் தானே ஓங்கி எறிந்தான். லோஜினி அதையும் பிடித்தாள், ஒற்றைக் கையில். ஷிராணி டீச்சர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

இனிப்புத் தட்டு வந்தது. முதலில் மிஸ், பிறகு டீச்சர், பிறகு அப்பா, பிறகு மிஸ்ஸைக் கூட்டிவந்து கதவோரம் நின்ற வேன் டிரைவர் என்று எல்லாரும் எடுக்கும்வரை லோஜினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கடி! பாஞ்சு எடு! எப்பவும் அப்பிடித்தானே எடுப்ப?" சோலைமலை இரண்டு இனிப்பை எடுத்து அவள் கையில் திணித்தான். ஒன்றின் தாளை அவனே உரித்தும் கொடுத்தான். மிஸ் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"மிஸ், ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். இவளுக்கு ஒண்ணுமே முடியாதுங்க. அந்த டீச்சர் கெடைக்காட்டி இவ பள்ளிக்கூடம் இன்னையோட முடிஞ்சுச்சு."

மிஸ் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு லோஜினி பக்கம் திரும்பினார்.

"லோஜினி, நேத்து வீட்டுல என்னா நடந்துச்சு?"

சோலைமலைக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம். இதற்கு அவள் சொல்லப்போவது ஒரே சொல்.

லோஜினி யோசித்தாள். இனிப்பை வாயின் ஒரு பக்கத்தில் ஒதுக்கினாள்.

"மொதல்ல அப்பா பொத்தான் போடாதன்னு சொன்னாரு," என்றாள். "பொறகு கெழங்கு எறிஞ்சு புடிக்காதன்னாரு. கடைசியா அப்பா அழுதாரு."

ஒன்பது வருசத்தில் அவள் கோர்வையாகப் பேசிய முதல் மூன்று வாக்கியம். அந்த மூன்றும் சோலைமலையை மாட்டிவிட்டன. திட்டுவதா, தூக்கிக் கொஞ்சுவதா என்று தெரியாமல் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

வெளியே வந்து வேன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். எம்புள்ள பேசிருச்சு என்று ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது. எல்லாம் நம்மளாலதான் போச்சு என்று இன்னொரு பக்கம் தலையில் அடித்துக்கொண்டான். லோஜினி அவன் சட்டையில் திறந்துகிடந்த மேல் பொத்தானை நிதானமாகப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

வேன் டிரைவர் ஒரு தாளோடு வந்தார்.

"சோலைமலைங்கிறது யாருங்க?"

"நாந்தாங்க. புள்ள பேரு லோஜினி. பரீட்சையில எடுபடாமப் போச்சுங்களா?"

"புள்ளைங்க அஞ்சு பேரயும் டீச்சரோட ரிப்போட்டப் பாத்துப் போன மாசமே எடுத்தாச்சுங்க, ஒங்க மகளும் அதுல இருக்கு," என்று டிரைவர் தாளையும் பேனையையும் நீட்டினார். "இன்னைக்கு மிஸ் பாக்க வந்தது அப்பாமாரத்தான், யாருக்கு அவசரமா வகுப்பு வைக்கணும்னு. நீங்கதாங்க மொதலாவதா வந்திருக்கீங்க!"