ஏழு முடிகளுக்கும் விளக்கம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் தங்கையும் நலம். ஆனால் இருவரும் சேர்ந்து நலமாக இல்லை என்பது தங்களுக்குத் தெரிந்ததே. தாங்கள் திடகாத்திரமாக இருப்பதைத் தங்கள் கடிதத்தில் பேனா பதிந்திருக்கும் ஆழத்தைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டு மகிழ்ந்தேன்.

முப்பது ஆண்டுகள் சுங்கத்துறையில் இருந்து ஊரார் பெட்டிகளையெல்லாம் திறந்து பார்த்தவர் தாங்கள். ஆகவே பதினொரு கேள்விகளை எண் போட்டு அனுப்பியிருப்பதில் எனக்கு வியப்பில்லை. வரிசையாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 'அந்தப் பெண் யார்?' என்ற முதல் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால், 'இந்த வயதில் வெட்கமாக இல்லையா?' என்ற ஒன்பதாவது கேள்விக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். தங்கள் தங்கை பல் மருத்துவரிடம் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடித்தாக வேண்டும். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அந்த அவசரம்தான், குற்ற உணர்ச்சி அல்ல.

முப்பத்துநான்கு வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலிருந்து வீட்டில் கோணலாக இருக்கிற ஒவ்வொன்றும் என் கண்ணில் பட ஆரம்பித்தது. சமையலறை அலமாரி ஒரு பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. கழற்றி மாட்டினேன். டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினேன், தங்கள் தங்கை உப்பைத் தேடி இரண்டு நாள் அலைந்தாள். பிறகு கூடத்தை நடந்து அளந்தேன், ஜன்னலை அளந்தேன், தெருவில் போகும் வண்டிகளை எண்ணினேன், மணி பார்த்தால் பத்தேகால்தான் ஆகியிருக்கும். கால் ஒரு இடத்தில் நிற்காது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நின்றுகொண்டே யோசிப்பேன். ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒருநாள் அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மேசை விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "காலைல ஒம்போது மணிக்குப் போயிட்டு சாயந்தரம் அஞ்சு மணிக்கு வாங்க. எங்க வேணும்னாலும் போங்க. எங்கன்னு நான் கேக்கவே மாட்டேன்" என்றாள். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாங்கள் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாளே புறப்பட்டேன். மூன்றாவது தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தில் 'வடிவமைப்புப் பயிற்சிப் பள்ளி, வயது தடையில்லை' என்று பலகை தெரிந்தது. நமக்கு ஏற்ற இடம் என்று மேலே ஏறிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். பலகையின் முன்பாதியை மரக்கிளை மறைத்திருந்தது. அங்கே 'சிகை' என்ற சொல் இருந்தது எனக்குத் தெரியாது. முதல் வகுப்பில் என் முன்னால் இருந்த மேசை விளிம்பில் ஒரு பெண்ணின் தலையைத் திருகாணி போட்டு இறுக்கி வைத்தார்கள். பொம்மைத் தலைதான். ஆனால் கண்ணிமையெல்லாம் இருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

எழுந்தவன் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அதற்குள் பயிற்சியாளர் மேடம் பேசத் தொடங்கிவிட்டார். முப்பது வயது இருக்கும், குரலே உயராது. "முடியை விரல் நடுவுல நேராப் பிடிங்க. தலையிலேர்ந்து நாப்பத்தஞ்சு டிகிரி தூக்குங்க. அந்தக் கோணத்துலயே வெட்டணும்" என்றார். மச்சான், நாற்பத்தைந்து டிகிரி. ஐந்து மாதமாக என்னிடம் யாரும் ஒரு கோணத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பாகைமானி எடுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து அங்கே என் பெயரே பாகைமானி.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால், கேட்கவே மாட்டேன் என்றவள் கூடத்தில் இரண்டு தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். என்ன வகுப்பு என்று கேட்டாள். மூன்று ஜோடிக் கண்கள் என்னையே பார்த்தன. வாய் தானாக "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வாரமே அவள் ஏதோ ஒரு விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பித் தரச் சொன்னாள். அந்தப் பாடம் இன்னும் வரவில்லை என்றேன். நான்கு மாதமாக வரவில்லை.

இனி முடிகளுக்கு வருகிறேன். என் சட்டைகளிலிருந்து எடுத்து, தாளில் ஒட்டி, தேதி போட்டு அவள் தங்களுக்கு அனுப்பிய ஏழு முடிகளின் படத்தையும் தங்கள் கடிதத்தோடு பார்த்தேன். முதலாவது, நான்காவது, ஐந்தாவது ஆகியவை என் பொம்மைத் தலையினுடையவை. இரண்டாவது ஒரு வாடிக்கையாளருடையது, ஆண், வக்கீல். மூன்றாவது முடியே இல்லை, துடைப்பத்தின் நார். நீல நிறமாக நீண்டிருக்கும் ஆறாவதைத்தான் தாங்கள் வட்டமிட்டிருக்கிறீர்கள். அது என் பக்கத்து மேசை அம்மாளுடையது. அவர் இருபது வருடம் மருந்துக்கடை நடத்தியவர், நாற்பத்தெட்டு வயது, எல்லோருக்கும் மருந்துக்கடையம்மா. சாயம் கலக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்று கலந்தது அவர், அவர் தலையில் பூசியது நான். செம்பழுப்பு வர வேண்டியது, அரைமணி நேரம் அதிகமாக விட்டுவிட்டேன், அதைச் சரிசெய்யப் போய் நீலமாகிவிட்டது. அந்த அம்மாள் இரண்டு வாரம் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். ஏழாவது என்னுடையது. அதைத் தங்கள் தங்கைக்கு அடையாளம் தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கேட் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன், பால்காரர். தொடர்கிறேன்.

பேருந்தில் என் மடியில் ஒரு பெண் தலைவைத்துத் தூங்கியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் பார்த்ததாக ஐந்தாவது கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்தது உண்மை. தலை மட்டும்தான் இருந்தது என்பதை அவர் பார்க்கவில்லை. வாரக் கடைசியில் பின்னல் பழகுவதற்காகப் பொம்மைத் தலையைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். மழை, கூட்டம், பையின் ஜிப் அறுந்துவிட்டது. தலை வெளியே சரிந்து, முடி முழுக்கத் தரையில் புரண்டது, யாரோ மிதிக்கப் பார்த்தார்கள். அள்ளி மடியில் வைத்து, சிக்கு விழாமல் இருக்க விரலால் கோதிக்கொண்டே வந்தேன். பின்னாலிருந்து பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. இறங்கும்போது அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு வந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாங்கள் கேட்டிருக்கும் தொலைபேசி விஷயமும் இப்படித்தான். மேடம் ஒருநாள் விடுப்பு. எங்கள் இருவருக்கும் தலை அலசும் பயிற்சி பாக்கி இருந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தபோது மருந்துக்கடையம்மா வீட்டுக்குப் பேசியிருக்கிறார். தங்கள் தங்கை போனைக் காதில் வைத்ததுதான் தாமதம், "சார், நாளைக்கு மேடம் இல்ல. நம்ம ரெண்டு பேர்தான். துண்டு மட்டும் ரெண்டு எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம். நான் வெளியே வந்தபோது கட்டிலில் இரண்டு துண்டு மடித்து வைத்திருந்தது. யார் எடுத்து வைத்தது, ஏன் என்று யோசிக்காமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அன்றிலிருந்து பதினோரு நாள் ஆகிறது, அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கும். உப்புச் சரியாக இருக்கும். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

பள்ளியில் மட்டும் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். முதன்முதலாக என்னிடம் வந்த ஆள் மேலே சொன்ன வக்கீல். இரண்டேகால் மணி நேரம் வெட்டினேன். கடைசியில் மட்டம் பார்த்தபோது அவருடைய இடது காது வலது காதைவிட மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது தெரிந்தது. இதை ஒருவருக்குச் சொல்வதில் தவறில்லை என்று நினைத்துச் சொன்னேன். ஐம்பது வருடம் அந்தக் காதுகளோடு சந்தோஷமாக இருந்தவர். மறுநாள் மனைவியை அழைத்துக்கொண்டு வந்து நின்றார், காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. மேடம் என்னைத் தனியே கூப்பிட்டு, "பரவாயில்ல" என்றார். அவர் பரவாயில்லை என்றால் ஒரு வாரம் பெருக்குகிற வேலை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தார். வந்தபோது தரையைப் பார்த்தே பேசினார். முடி கொட்டிப் போய் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. வகிட்டை மாற்றி, அந்தப் பக்கம் படிந்து விழுகிற மாதிரி படிப்படியாக வெட்டினேன். முடித்ததும் அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை ஆட்டினார். அவ்வளவுதான். நான் வரைந்து எழும்பிய கட்டடங்கள் நூறுக்கு மேல் இருக்கும். அதில் ஒன்றுகூடத் தன்னைத்தானே இப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டதில்லை. அன்று மாலை இதைத் தங்கள் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாக நடந்து வந்தேன். கதவைத் திறந்து, "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள். கீபோர்டு என்றேன்.

இதையெல்லாம் நானே அவளிடம் சொன்னால் என்ன என்று தோன்றும். கம்ப்யூட்டர் என்று சொன்ன அதே வாயால் சொன்னால் எப்படி நம்புவாள்? ஆகவே, தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கும் நிலையிலும், நாளையோடு படிப்பை நிறுத்திவிடுவதென்று உறுதியாக முடிவு செய்துவிட்டேன். கத்தரிக்கோலை மேடத்திடம் ஒப்படைத்துவிடுவேன். தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நீங்க சொன்னா கேப்பா. எழுதியிருக்கிறபடி சனிக்கிழமை ஆள் கூட்டிக்கொண்டு மட்டும் தயவுசெய்து கிளம்பி வந்துவிடாதீர்கள். நேரில் பார்த்தால் நான் உளறிவிடுவேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் உரித்தாகட்டும். தங்கள் கோபம் தணிந்து, ரத்த அழுத்தம் இறங்கி, நூறாண்டு வாழ வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் தங்கைக்கு உண்மையாக இருக்கும்,
மைத்துனன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கத் தெருமுனைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் வந்திருந்தாள். இந்தக் கடிதம் அவள் கையில் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். படித்து முடித்து, தாள்களை மடித்து மேசையில் வைத்தாள். நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள், பழைய போர்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள், கொண்டையை அவிழ்த்தாள். கல்யாணமான இந்த முப்பத்தொரு வருடத்தில் அவள் முடியில் கத்தரிக்கோல் பட்டதில்லை.

"வெட்டுங்க. சொன்னது நெசமான்னு பாக்கறேன்."

எவ்வளவு வெட்ட என்றேன்.

"நீங்கதான படிச்சிருக்கீங்க."

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. முதல் பத்து நிமிடம் கோணத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வெட்டினேன், பிறகு கை இருப்பதே மறந்துவிட்டது. அவள் பிடரிக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி சுத்தமாக நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு அங்குலம்தான் எடுத்தேன். அவள் இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"பொய் சொல்லல" என்றாள். போர்வையை உதறிவிட்டுத் திரும்பி நின்று, "யார் யார் தலையையோ தொட்டு வேலை பாத்துட்டு வந்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றாள். மன்னிச்சுக்கோ என்றேன். பதினோரு நாளுக்குப் பிறகு என்னை உட்காரச் சொன்னாள்.

படிப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னேன். நாளை ஒன்பது மணிக்கு மேல் நான் வீட்டில் இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாளாம். ஆகவே நிறுத்துவதாக மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் அடித்துவிடவும். தங்கையிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னதையும் அடித்துவிடவும். வர வேண்டாம் என்றதையும் அடித்துவிடவும். சனிக்கிழமை அவசியம் வர வேண்டும் என்கிறாள். தேர்வில் ஒரு பெண் தலையும் ஓர் ஆண் தலையும் வெட்டிக் காட்ட வேண்டும். பெண் தலைக்கு அவளே வருகிறாள். ஆண் தலைக்குப் பழகத் தங்களைச் சொல்கிறாள். அண்ணனுக்கு மேலே அவ்வளவாக இல்லையே என்றேன். இருக்கிற இடத்தில் வெட்டினால் போதும் என்கிறாள்.

எண்ணெய் வைக்காமல் வரவும். என்னைக் 'கவனிப்பதற்காக' இரண்டு பேரைக் கூட்டிவருவதாக எழுதியிருந்தீர்களே, அவர்களுக்கு முடி எப்படி?