மறுவளைப்பு

காசு என்றால் தட்டையாக இருக்க வேண்டும் என்பது கிளெமென்ட் தர்ட்டலின் கொள்கை. இங்கிலாந்தில், நார்ஃபோக்கில் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வளைந்த காசை நீட்டியவர்களை வண்டியில் ஏற்றியதே இல்லை.

ஓய்வுபெற்றதும் உலோகம் தேடும் கருவியோடு வயலில் இறங்கினார். ஆறு வருஷத்தில் அகப்பட்டவை பீர் டின் வளையங்களும் கால்சட்டைப் பொத்தான்களும்தான். எங்கள் உலோகம் தேடுவோர் சங்கச் செயலாளர் பெயரோ அருங்காட்சியகத்தில், 'கண்டெடுத்தவர்' என்று மூன்று விளக்க அட்டைகளில் இருக்கிறது. ஒரே ஒரு அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் கிளெமென்ட்டின் ஆசை.

போன செப்டம்பரில், பார்லி அறுத்த வயலில், முன்னூறு வருஷத்து வெள்ளி ஆறு பென்ஸ் காசு ஒன்று கிடைத்தது. பாம்புபோல இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது.

"கலப்பை பட்டிருக்கு, பாவம்" என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் மண்ணை நீக்கி, இரண்டு தோல்துண்டுக்கு நடுவே வைத்து, தினம் கொஞ்சமாக அழுத்தி, பதினோரு நாளில் நேராக்கினார். ஒரு விரிசல் விழவில்லை.

கண்டெடுத்த பழம்பொருள்களைப் பதிவு செய்யும் அருங்காட்சியக அலுவலர் மிஸ் பன்செட் லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இதை நேராக்கினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் கிளெமென்ட், பெருமையாக.

"அந்தக் காலத்துல பையன் காசை இப்படி வளைச்சுப் பொண்ணுகிட்ட கொடுப்பான். அவ வச்சுக்கிட்டா சம்மதம். அந்த வளைவுதான் சரித்திரம். நீங்க ஒரு காதலையே தட்டையாக்கிட்டீங்க, மிஸ்டர் தர்ட்டல்!"

"அப்ப திரும்ப வளைச்சுத் தந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

"நீங்க வளைச்சா அது போலி. நாங்க வளைச்சா அது பாதுகாப்புப் பணி."

மேற்படி காசை அதன் தொன்மைக்குரிய நிலைக்கு மீட்கும் பொருட்டு மறுவளைப்புக் குழு அமைக்கப்பட்டது. முதலில் எந்தப் பக்கம் வளைப்பது என்று நாலு கூட்டம் நடந்தது. ஐந்தாவது கூட்டத்தில், கிளெமென்ட்டும் பார்த்திருக்க, குழுவின் நிபுணர் குறடு எடுத்து வளைத்தார். டக்.

"ஐயோ, உடைச்சுட்டீங்களா?" என்றார் கிளெமென்ட்.

"உடைஞ்சதுன்னு சொல்லாதீங்க. பிரிஞ்சதுன்னு சொல்லுங்க" என்றார் மிஸ் பன்செட்.

"உங்க ஆள்தானே மேடம் இப்ப..."

"அட்டையில உங்க பேர் வேணுமா, வேண்டாமா?"

கிளெமென்ட் இரண்டு துண்டையும் பார்த்தார்.

"எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்."

'பிரிந்த காதலர் ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்ட காசு. கண்டெடுத்தவர்: கி. தர்ட்டல்.' கண்ணாடிப் பெட்டி முன்னால் கைக்குட்டையும் கையுமாக வரிசை நின்றது.

"ஆளுக்கொரு பாதின்னா, ரெண்டும் ஒரே குழியில எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அவர் மனைவி மேவிஸ்.

"சும்மா இரு. பேரைப் படி."

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேர் கையிலும் அரைக்காசு. செயலாளர் மட்டும் ஐந்து கொண்டுவந்திருந்தார். நானும் என் பங்குக்கு ஒரு பாதியை மிஸ் பன்செட்டிடம் பதிவு செய்திருக்கிறேன். மறு பாதியை அடுத்த வருஷம் கண்டெடுப்பதாக உத்தேசம்.