ஊசியோடு வெந்த முட்டை

திருத்தணி,
18-7-1946

சிரஞ்சீவி ராஜகோபாலுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அக்காள் வள்ளிநாயகியும் மலைமேல் இருப்பவன் தயவில் சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறோம்.

போன மாதம் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "பாவா, அந்த வேதாசலம் டாக்டர்கிட்ட நம்ம கமலாவ நம்பி விடலாங்களா?" என்று கேட்டாய். பெண் சோகை பிடித்து வெளிறிக் கிடக்கிறாள், பன்னிரண்டு ஊசி போட வேண்டும் என்றாய். மகள் விஷயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று அன்று ரசத்தைக் கலந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். என் காலும்தான் மரத்துப்போகிறதே, நானே அங்கே ஊசி போட்டுக்கொண்டு நேரில் பார்த்து எழுதலாம் என்று மூன்று வாரமாகப் போய் வருகிறேன்.

டாக்டர் நல்லவர். நாடி பிடித்தால் அவசரப்படமாட்டார். குறையெல்லாம் சின்ன விஷயங்களில்தான். மிக்சர் வாங்க வருகிறவர்கள் சீசாவை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பாஞ்சாலி என்ற நெசவுக்காரப் பெண் மண்ணெண்ணெய் சீசாவை நீட்ட, கம்பவுண்டர் கரீமுல்லா அதிலேயே இருமல் மருந்தை ஊற்றப் போக, நான் தடுத்துச் சாம்பல் போட்டுக் கழுவ வைக்க, கழுவிய கையோடு அவள் என்னையே டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்ட, நானும் பார்த்துத் தொலைத்தேன். வெள்ளையாக இருந்தது.

பெரிய குறை ஒன்றே ஒன்று. ஊசியை வேகவைக்கும் பாத்திரத்திலேயே கரீமுல்லா தினம் ஒரு கோழிமுட்டையையும் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார். மாமிசம் தொடாத என் உடம்பில் ஏறும் ஊசி முட்டையோடு குளித்துவிட்டு வருவதா? டாக்டரிடம் சொன்னேன். ஒரே பலகையில் கணக்கையும் சித்திரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதினால் எது விளங்கும் என்று உதாரணமும் காட்டினேன். அவர் என் பழைய மாணவர். எழுந்து நின்று கேட்டுக்கொண்டு, அன்றே முட்டைக்குத் தடை போட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது உன் அக்காள், "முப்பது வருஷம் பசங்களுக்கு மார்க் போட்டது பத்தாதா, இப்ப ஊசிக்கும் போட்டுகினு வரீங்களா?" என்றாள்.

ஆகவே தைரியமாகக் கமலாவை அழைத்து வா. இப்போது அங்கே எல்லாம் ஒழுங்கு. குழந்தைக்குச் சீக்கிரம் ரத்தம் ஊறிக் கன்னத்தில் நிறம் ஏறட்டும்.

அன்புள்ள பாவா,
மணவாளன்

பி.கு. கடிதம் தபாலில் சேர ஐந்து நாள் தாமதம். இதைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். முட்டையோடு வெந்த ஆறு ஊசியும் என்னை ஒன்றும் செய்யவில்லை. முட்டை நின்ற பிறகு போட்ட முதல் ஊசியால் இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ் கட்டி, நேற்று டாக்டர் கீறி எடுத்தார். கரீமுல்லா பார்க்க வந்தார். கோபிக்க வாயெடுத்தேன்.

"உள்ரூம்ல கடியாரம் ஏதுங்க சார்? முட்டய ஒடச்சிப் பாப்பேன், மஞ்சக்கரு கெட்டியா இருந்தா ஊசியும் வெந்துபோச்சின்னு எடுப்பேன். நீங்க முட்டய நிறுத்திட்டீங்க. அப்பறம் தண்ணி கொதிக்க ஆரம்பிச்சதும் எடுத்துகினு இருந்தேன்" என்றார்.

அந்த வாரம் ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களை டாக்டர் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டார். நல்லவேளை, என்னோடு போயிற்று. கடியாரத்துக்குச் சென்னைக்கு எழுதியிருக்கிறார். அது வரும்வரை, மேலே நான் எழுதிய தைரியத்தை நம்பாதே. உன் அக்காளுக்குத் தெரிய வேண்டாம்: கமலாவை அழைத்து வரும்போது சந்தையில் ஒரு முட்டை வாங்கி வந்து கரீமுல்லாவிடம் கொடு, அதை ஊசியோடு வேகவைத்து, உன் கண்ணெதிரே உடைத்து, மஞ்சள் கரு கெட்டியாக இருப்பதைப் பார்த்த பிறகே ஊசி போடச் சொல்.