வீட்டுக் கதைக்கு வெளியூரில் கைதட்டல்

மேடையில் நின்று சிரிக்கவைத்தே பிழைக்கும் ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். நல்லது கெட்டது எது நடந்தாலும் மற்றவர்கள் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள்; இவர்கள் மட்டும் ‘இதை எங்கே சொல்லலாம்?’ என்று யோசிப்பார்கள். தொழிற்சங்கத் தலைவர் தோட்டத்துச் சேற்றில் சறுக்கி விழுந்தால் ஊரே தூக்கிவிட ஓடும். இவரோ, விழும்போது தலைவர் என்ன சத்தம் போட்டார் என்பது மறந்துவிடுமுன் அதைச் செல்போனில் பேசிக் காட்டிப் பதிந்துகொள்வார்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடொன்றில் குடியிருக்கும் ரமேஸ் இந்த இனத்தில் அசல். திருவிழாவில் இசைக்குழு மத்தளம் தட்டிப் பார்த்து முடிக்கும்வரை, கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வேன் வந்துசேரும்வரை, பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் தேநீர் குடித்து எழும்பும்வரை, யாருக்கும் வேண்டாத அந்த இடைவெளிகளில் மைக்கைப் பிடித்து நிற்பதுதான் அவன் தொழில். கூலி சில இடத்தில் கையில் வரும், சில இடத்தில் சோற்றுப் பார்சலாக வரும், சில இடத்தில் “தம்பிக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு” என்ற வாழ்த்தாக வரும். வாழ்த்தை எந்தக் கடையில் கொடுத்து அரிசி வாங்குவது? ஆகவே அடுப்பு எரிந்தது அவன் மனைவி யசோதினியின் சம்பளத்தில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு.

பதுளையில் துணிக்கடை திறக்கவிருந்த ஸாஹிர் முதலாளி, திறப்பு விழாவுக்கு ரமேஸைக் கூப்பிட்டார்.

“தம்பி, இது நல்லாப் போனா பண்டாரவளைக் கடைக்கும் நீங்கதான். ஆனா வெலையப் பத்திப் பகிடி வாணாம். அரசியல் வாணாம். கோயில், பள்ளி, சங்கம், ஒண்டும் வாணாம்.”

“அப்ப எதப் பத்திதான் மொதலாளி பேசுறது?”

“அது ஒங்கட தொழில்தானே, தம்பி.”

எல்லாக் கதவும் மூடினால் இந்த இனத்தார் எங்கே போவார்கள்? வீட்டுக்குள்தான் போவார்கள்.

“எங்க லயத்துல கூரை ஒழுகும்ங்க,” என்று திறப்பு விழாவில் ஆரம்பித்தான் ரமேஸ். “கூரை ஒழுகினா பேசின் வைக்கலாம். எங்க வீட்டம்மா பேசினா எத வைக்கிறது?”

கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். ரமேஸுக்குப் பண்டாரவளை கண்ணில் தெரிந்தது. அதற்குப் பின்னால், மலிவு விலைச் சேலையொன்றைக் கையில் பிடித்தபடி நின்ற யசோதினியும் தெரிந்தாள். வருவதாக அவள் சொல்லவே இல்லை.

“ஏங்க,” என்றாள் அவள் கூட்டத்தைப் பார்த்து, மைக் தேவைப்படாத குரலில். “அந்த பேசின வைக்கிறது யாரு? இவரு கட்டில்ல ஒக்காந்து, ‘இரு இரு, இத ஜோக்காப் போட்டுக்கிறேன்’னு போன்ல பதியிறாருங்க. நனையிறது நானு, கைதட்டல் இவருக்கு!”

கடை அதிர்ந்தது.

“வீட்டுல இவரு வாயத் தொறக்க மாட்டாரு. வெளிய பேசச் சரக்கு வேணுமில்ல? அதுக்கு நாந்தானே பேசணும்!”

துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் துணியிலேயே கண்ணைத் துடைத்தார்கள். அவ்வளவு பெரிய சிரிப்பை ரமேஸ் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. முதலில் அவனுக்கு வந்தது வெட்கமல்ல, பொறாமை. வெட்கம், இருவரும் வீடு திரும்பும் வழியில், தெமோதரை தாண்டித்தான் பஸ் ஏறியது.

“கோவமா?” என்றான்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “சிரிச்சாங்க, சரி. ஆனா நம்ம வீட்டுக் கதைய ஊருக்குச் சொல்ல முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“இனிச் சொல்லல, யசோ.”

“சொல்லுங்க. பொழப்பாச்சே. மொதல்ல எங்கிட்ட சொல்லிக் காட்டுங்க. நான் சிரிச்சா எடுத்துக்கிட்டுப் போங்க.”

அன்றிலிருந்து அவன் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! ஊரையே சிரிப்பில் உருட்டியவன், ரொட்டி மாவு பிசையும் ஒருத்தியின் உதட்டோரம் அசைகிறதா என்று காத்துக் கிடந்தான். பத்தில் ஒன்று தேறுவதே அபூர்வம். ஆனால் தேறியது எந்த மேடையிலும் விழவில்லை. பண்டாரவளையும் கிடைத்தது. “மிஸிஸையும் கூட்டிட்டு வாங்க” என்றார் முதலாளி. அவளுக்குத் தனிக்கூலி பேசிய பிறகே இருவரும் போனார்கள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன கல்யாணப் பந்தியில், உங்கள் மனைவி ஏடிஎம் மெசினுக்கு வணக்கம் சொன்ன கதையை மேசை மேசையாக நடித்துக் காட்டினீர்களே, பக்கத்தில் இருந்த அவர் சிரித்தாரா என்று பார்த்தீர்களா? ரமேஸுக்காவது அதற்குக் கூலி உண்டு.